ஒரு பிழைதிருத்தம்



இந்த ஆடி இதழில் ‘அடுப்படி’ பக்கம் இல்லை. இதழ் கைக்கு வந்ததும் நேரே அந்தப் பக்கத்துக்குப் போகிறவர்கள் உங்களில் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். ஆசிரியர் பக்கத்தை வாசிப்பதில்லை, அடுப்படியை மட்டும் விடுவதில்லை என்று எனக்கே கடிதம் எழுதியவர்கள் இருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை எழுதி வந்தவர் வைகாசிக் கடைசியில் காலமானார். வயது 84. என் அயல்வீட்டுக்காரர். 13 வருடம் பெயர் போடாமல் எழுதினார். பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். இப்போதும் அதை மீற மனம் வரவில்லை. ஊருக்கு அவர் ஸ்ரேசன் மாஸ்ரர். எனக்கு அண்ணை.

ஆம், ஆண். “அன்புள்ள அம்மா” என்று தொடங்கி வந்த உங்கள் கடிதங்களை எல்லாம் நான் அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, மனைவிக்குக் கேட்கும்படி சத்தமாக வாசிப்பார். வடமராட்சியிலிருந்து ஒரு வாசகி, “இந்தக் கைப்பக்குவம் உங்கள் மாமியாரிடம் படித்ததோ?” என்று கேட்டிருந்தார். “மாமியிட்டை இல்லைப் பிள்ளை, மாகோவிலை” என்று அண்ணை கடிதத்தைப் பார்த்தே பதில் சொன்னார். உள்ளே அவர் மனைவி, எனக்கு அக்கா, சிரித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

மாகோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முதல் கோச்சியைப் பற்றி.

யாழ்ப்பாணத்தாருக்கு றெயில் பாதை என்பது சம்பளம் வந்த பாதை. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ஓடத் தொடங்கிய கோச்சி 1905இல் தெற்கோடு இணைந்தது. அன்றிலிருந்து எங்கள் பெடியள் தலைமுறை தலைமுறையாக அதில் ஏறித் தெற்கே போய் உத்தியோகம் பார்த்தார்கள். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று நம்பிய ஊர். 1956இல் யாழ்தேவி வந்தபிறகு கொழும்பு இன்னும் கிட்டவாகிவிட்டது. அங்கே போனவர்கள் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து வீடெடுத்துச் சமறி போட்டார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு வாடகைக்கு, ஒரு பங்கு அரிசி சாமானுக்கு, மிச்சம் மணியோடராக ஊருக்கு. பல சமறிகளில் ஆள்மாறி ஆள் சமைத்தார்கள். அப்படிப் பத்து, இருபது வருடம் தெற்கில் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்க்கறியும் வைத்துச் சாப்பிட்ட ஆண்கள், பென்சனோடு ஊருக்கு வந்ததும் ஒரு தேத்தண்ணி போடத் தெரியாதவர்களாக மாறிவிடுவார்கள். எங்கள் ஊரின் பெரிய மறதிகளில் இதுவும் ஒன்று என்று நான் நினைப்பதுண்டு. அண்ணை மறக்கவில்லை. கலியாணம் முடித்த மூன்றாம் நாளே குசினிக்குள் போனாராம். மாமியார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு திண்ணையில் இருந்துவிட்டாராம்.

மாகோ ஒரு சந்தி. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் போகிற பாதை வடக்குப் பாதையை விட்டுப் பிரிகிற இடம். பொல்காவலை, அநுராதபுரம், வவுனியா என்று பல ஸ்ரேசன்களில் வேலை பார்த்திருந்தாலும் அண்ணை மாகோவைத்தான் சொல்லுவார். இராக்கடமை. தபால் கோச்சி வரும்வரை சுவர்க்கோழியும் நுளம்பும் மட்டும் துணை. பாயின்ற்ஸ்மனாக இருந்த ஒரு சிங்கள மனிதர், கடமை அறைக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பும் ஒரு சின்ன அம்மியும் வைத்திருந்தார். அவரிடம் சமையல் படித்தேன் என்பார் அண்ணை. என்ன படித்தார் என்று கேட்டால், “நடுச்சாமத்திலை பசிக்கிறதெண்டா என்னெண்டு படிச்சன்” என்பார். அதற்கு மேல் விரித்ததில்லை.

1983 ஆடிக் கலவரத்தின்போது அண்ணை லீவில் ஊரில் நின்றார். பிறகு தெற்கே போகவில்லை. கொடிகாமத்துக்கு மாற்றம் எடுத்துக்கொண்டார். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் கார்ட் பெட்டியிலிருந்து ஒரு சாக்குப் பொதி இறங்கியது. உள்ளே மாகோவில் விட்டு வந்த அவருடைய இரும்புத் தாச்சி. கழுவித் துடைத்து எண்ணெய் பூசியிருந்தது. காதில் கட்டிய அட்டையில் சிங்களத்தில் ஸ்ரேசன் பெயர் மட்டும். அனுப்பியவர் பெயர் இல்லை. அந்தத் தாச்சியில் பொரித்த மிளகாயும் வாழைக்காயும் நான் 30 வருடத்துக்கு மேல் சாப்பிட்டிருக்கிறேன்.

1990 ஆனியில் கோச்சி நின்றது. போர் திரும்பத் தொடங்கியதும் மின்சாரமும் நின்றது, மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி என்று ஒவ்வொன்றாகத் தடைப்பட்டன. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. கோச்சி இல்லாத ஊரில் ஒரு ஸ்ரேசன் மாஸ்ரருக்கு என்ன வேலை? அப்போது அவருக்கு 50 வயது. முழுநேரமும் அடுப்படிக்கு வந்தது அப்போதுதான். விறகு அருமை. பொச்சுமட்டை, பன்னாடை, பனை மட்டை என்று எரிகிறதெல்லாம் எரித்தார். சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த காலம். பனங்கட்டித் துண்டை எந்த அளவில் உடைத்தால் ஒரு மூக்குப்பேணி தேத்தண்ணிக்குச் சரியாக வரும் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்தான் காட்டிக் கொடுத்தார். முதல் மிடறுக்குக் கடிக்கக் கூடாது, இரண்டாம் மிடறுக்குத்தான். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் நானும் அப்படித்தான் குடிக்கிறேன்.

எங்கள் இரு வளவுக்கும் இடையில் அப்போது கிளுவைக் கதியால் வேலி. அதில் ஒரு பொட்டு. எந்த வேலியிலும் நாய் போகிற அளவுக்கு ஒன்று இருக்கும். எங்கள் பொட்டு கறிச்சட்டி போகிற அளவுக்கு இருந்தது. 2010இல் அண்ணையின் பிள்ளைகள் கனடாவிலிருந்து காசு அனுப்பி மதில் கட்டச் சொன்னார்கள். கிடுகும் கதியாலும் வருடாவருடம் மாற்றுவது வயதுபோனவர்களுக்குக் கரைச்சல்தானே. மேசன் வரிசை பிடித்துக் கல் வைத்துக்கொண்டு வர, அண்ணை ஓரிடத்தில் நிறுத்தி, இடுப்பு உயரத்தில் ஒரு யன்னல் அளவுக்கு விடச் சொன்னார்.

“காத்து வாறதுக்கோ ஐயா?”

“இல்லை. கறி போறதுக்கு.”

மேசன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த ஓட்டை இன்றைக்கும் இருக்கிறது. விளிம்பில் சீமெந்து பூசி வழுவழுப்பாக்கிய சின்னத் தட்டு ஒன்றும் உண்டு. சுடுசட்டியை வைத்துக் கை மாற்றுவதற்கு.

அவர் சமையலில் நான் கண்ட முதல் விசித்திரம் நேரம். வேறு எவரும் ஒரு கை, ஒரு சிறங்கை, ஒரு சுண்டு என்று சொல்லுகிற இடத்தில் அவர் மணிக்கூட்டைச் சொல்லுவார். தூளுக்கு வறுப்பதைப் பார்த்திருக்க வேண்டும். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, நற்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் — எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். மல்லி ஆறுதலாகச் சிவக்கும். வெந்தயம் ஒரு கண் மூடித் திறக்கிறதற்குள் கருகிக் கசந்துவிடும். “ஒற்றைத் தண்டவாளத்திலை ஒரு நேரத்திலை ஒரு கோச்சிதான் தம்பி. மற்றது வெளியிலை நிக்கவேணும்.” வறுத்து ஆறவிட்டுப் பெட்டியில் போட்டு, அரைக்கிற மில்லுக்குத் தானே சைக்கிளில் கொண்டுபோவார். முதல் ஆளாகப் போகமாட்டார். முதல் நாள் அரைத்த அரிசிமா மில்லின் வாயில் ஒட்டியிருக்குமாம். வேறொருவருடைய மிளகாய் போய் வாய் கழுவிய பிறகுதான் தன்னுடையதைப் போடுவார்.

இரண்டாவது விசித்திரம், அவர் கேட்கிற கேள்வி. என்ன சமைக்கலாம் என்று பேச்சு வந்தாலே, “எத்தினை பேர்?” என்பார். எட்டுப் பேர் என்று சொன்னால் போதாது. எந்த எட்டுப் பேர் என்று தெரிய வேண்டும்.

கூழ் காய்ச்சுகிற நாளில் அந்தக் கேள்வி முழு ஒழுங்கைக்கும் கேட்கும். ஒடியற்கூழ் தனி ஆளுக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்து, இந்த இதழைப் பெற்றோர் வாசித்துக் காட்டக் கேட்கிற இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துவிட்டுக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு முன்னையது. அதை இடித்து அரித்த மாவில் ஒரு காறல் கசப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்து ஊற்றினால் போய்விடும். பானையில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளித் துண்டு எல்லாம் வெந்துகொண்டிருக்க, மீன், நண்டு, இறால், கணவாய் என்று அன்றைக்குப் பாசையூரில் கிடைத்ததெல்லாம் அதற்குள் போகும். கடைசியில் அரைத்த செத்தல், புளி, ஒடியல் மாக் கரைசல். முருங்கையிலை. புளியை அவசரப்பட்டு விட்டால் மரவள்ளி வேகாது, கல்லாய் நிற்கும். இதெல்லாம் சரி, எல்லாருக்கும் தெரிந்ததுதான். அண்ணையின் கூழில் இதற்கு மேல் என்ன இருந்தது என்று கேட்டால், நான் வருடக்கணக்காகத் தவறான பதில் சொல்லி வந்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்லுகிறேன்.

கூழ் இறக்கினதும் முற்றத்தில் பாய். பலாவிலையைக் கோலிக் கையில் பிடித்துக்கொண்டு வட்டமாக இருப்போம். சில வருடம் யாராவது பனையோலைப் பிளா கட்டிக்கொண்டு வருவார்கள். அண்ணை இருக்கமாட்டார். அகப்பையோடு சுற்றிச் சுற்றி வருவார். எல்லாரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினபிறகு, அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றபடி எதையோ சாப்பிடுவார். எதை என்று நாங்கள் பார்த்ததில்லை.

ஆடிப்பிறப்புக் கூழ் மட்டும் அவர் கையில் இல்லை. பயறு வறுத்துக் குத்தி, பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் காய்ச்சுகிற அந்தக் கூழும் கொழுக்கட்டையும் அக்காவின் இராச்சியம். தேங்காய்ச் சொட்டு வெட்டிக் கொடுக்க மட்டும் அண்ணைக்கு அனுமதி. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைப் பேரப்பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தபடி வெட்டிக்கொண்டிருப்பார். துண்டெல்லாம் ஒரே அளவாக இருக்கும்.

1995 ஒக்ரோபர் 30 பற்றி இந்தப் பக்கத்தில் நான் பலமுறை எழுதிவிட்டேன். வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் வந்து நின்றது, மழை, ஓரடி வைக்க ஒரு மணித்தியாலம். நான் அன்றைக்கு எடுத்து வந்தது சான்றிதழ்களும் காணி உறுதியும். அண்ணையின் சைக்கிள் கரியரில் தூள் ரின், தாச்சி, மூன்று கொத்து அரிசி. எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மாமரத்தடியில் அந்தத் தாச்சி அடுப்பில் ஏறியது. ஒரு வகுப்பறைக்குள் ஒன்பது குடும்பம். கூப்பன் அரிசியும் பூசணிக்காயும் ஒரு பிடி தூளும். எங்கோ இருந்து வந்த, முகம் தெரியாத ஒருவரிடம் அண்ணை, “நீங்கள் எத்தினை பேர்?” என்று கேட்டார். அந்த மனிதர் விரல் மடித்து எண்ணத் தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்தினார். அண்ணை திரும்பக் கேட்கவில்லை. ஒரு சட்டியில் போட்டுக் கையில் கொடுத்தார். 1996 சித்திரைக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, அவர் வீட்டுக் குசினிக்குச் சுவர் இல்லை. எந்தச் சுவரை முதலில் கட்டினார் என்று நான் எழுதத் தேவையில்லை.

மற்றக் காலங்களை விட்டுவிடுகிறேன். 2006இல் ஏ9 பாதை பூட்டி, சங்கக்கடை வரிசையில் பால்மாவுக்கு விடியப்புறம் நின்றதையெல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் போதாது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம்வரை கோச்சி திரும்ப வந்தது. 2015 தை 2ஆம் திகதி காங்கேசன்துறைவரை ஓடியது. எங்கள் ஒழுங்கை முடிவில் பாதை. 24 வருடத்துக்குப் பிறகு கொக்குவிலைத் தாண்டிக் கோச்சி போவதைப் பார்க்கச் சனம் கூடி நின்றது; சிலர் அழுதார்கள். அண்ணை வெள்ளை வேட்டி கட்டி, கையில் மணிக்கூட்டோடு நின்றார். கோச்சி போனதும் என் காதுக்குள் சொன்னார்: “மூண்டு நிமிசம் பிந்தி.”

இனி என் பிழைக்கு வருகிறேன்.

2012இல் அடுப்படிப் பக்கம் தொடங்கியபோது அண்ணை சி.ஆர். கொப்பியில் எழுதித் தருவார். ஸ்ரேசன் பதிவேடு எழுதிய கை. எழுத்துக்கள் ஒரே உயரம். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் செய்ய வேண்டியது. 4.00 மாவை ஊறவிடுக. 4.45 தெளிநீரை ஊற்றுக. இடையிடையே மனிதர்கள் வந்துவிடுவார்கள். எனக்குக் கிடைத்த இடம் ஒரு பக்கம். அதிலும் கீழே கால்பக்கம் விளம்பரம். நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். நேரத்தை எல்லாம் எடுத்துவிட்டு, ‘தேவையான பொருட்கள்’, ‘செய்முறை’ என்று பிரித்தேன். மனிதர்களை வெட்டினேன். “நாலு பேருக்கு” என்று தலைப்பில் போட்டேன். உங்களுக்குப் பிடித்திருந்தது, கடிதங்கள் வந்தன. பதிப்பாசிரியன் வேலை செய்துவிட்டதாக நானும் மகிழ்ந்தேன்.

அண்ணை அச்சில் வந்ததை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். ஒரே ஒரு முறை, நண்டுக்கறி வந்த மாதம், மதில் ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்றபடி சொன்னார்: “தம்பி, சனத்தை இறக்கிப்போட்டுப் பெட்டியளை மட்டும் ஓட்டியிருக்கிறீர்.”

நான் சிரித்தேன். நல்ல பகிடி என்று மனைவியிடமும் சொன்னேன்.

அவர் மறைந்து எட்டாம் நாள் எட்டுச் செலவு. இறந்தவருக்குப் பிடித்தமானதை எல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். காலையில் அக்கா ஓட்டையடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அவருக்கு என்ன பிடிக்கும்?”

நான் திகைத்துப் போனேன். 58 வருடம் கூட வாழ்ந்தவர் கேட்கிறார்.

“எனக்குக் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு பிடிக்குமெண்டு அவருக்குத் தெரியும். அவருக்கு என்னெண்டு நான் கேக்கேல்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.”

கனடாவிலிருந்து வந்திருந்த மகளைக் கேட்டோம். அப்பாவுக்கு இடியப்பமும் சொதியும் என்றார். அது மகளுக்குப் பிடித்தது. மகனைக் கேட்டோம். சுறா வறை என்றார், அதுவும் அப்படியே. ஒழுங்கையில் ஒவ்வொருவராகக் கேட்கக் கேட்க, ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். எல்லாம் அண்ணை அவரவருக்குச் சமைத்துக் கொடுத்தவை. கடைசியில் எல்லாவற்றையும் சமைத்தோம். மரக்கறி ஒரு பக்கம், மச்சம் ஒரு பக்கம் என்று தலைவாழை இலை இரண்டு போட்டும் இடம் காணவில்லை. எங்களுக்குப் பிடித்ததெல்லாம் அந்த இலைகளில் இருந்தது.

31ஆம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் வேண்டும் என்றார்கள். அது என் பொறுப்பு. எங்கள் ஊர் நினைவு மலர்களின் அமைப்பு உங்களுக்குத் தெரியும்: படம், கல்வெட்டு, திதி வெண்பா, தேவார திருவாசகம், நன்றி நவிலல். கிடைத்தற்கரிய பழைய நூல்களை நினைவு மலராக மறுபதிப்புச் செய்த குடும்பங்களும் உண்டு. அப்படி வந்த பல மலர்களை இன்று நூலகம் இணையத்தளத்தில் காணலாம். மகள், அப்பாவின் சமையல் குறிப்புகளைப் போடலாமே என்றார். அண்ணையின் ஏழு சி.ஆர். கொப்பிகளும் என் மேசைக்கு வந்தன. அச்சில் வந்ததையே எடுத்துக் கோக்கலாம் என்றுதான் முதலில் இருந்தேன். சரிபார்ப்பதற்காகக் கொப்பியைத் திறந்தேன். என் சிவப்புக் கோடுகளுக்குக் கீழே எழுத்து அப்படியே இருந்தது.

நண்டுக்கறி: “முருங்கையிலை முன்வீட்டு ரீச்சரிடம் கேட்டு எடுக்கவும். கேட்காமல் முறித்தால் கறி கசக்கும்.” நான் வெட்டியிருக்கிறேன்.

கோழிக்குழம்பு: “தூள் போட முதல், மேற்கு வீட்டுப் பெரியவருக்கு ஒரு கோப்பை வேறாக எடுத்து வைக்கவும். அவருக்கு வயிற்றுப்புண். வேறாக எடுத்தது அவருக்குத் தெரியக் கூடாது.” வெட்டியிருக்கிறேன்.

குரக்கன் பிட்டு: “நீத்துப்பெட்டி நிறைக்க வேண்டாம். ஆறுபேர் என்று சொன்னவர்கள் ஏழுபேராக வருவார்கள். இரண்டாம் முறை அவிக்கிற சாட்டில் அந்த ஏழாம் ஆளுக்கு முதற்பிட்டு.” ஏன் நிறைக்கக் கூடாது என்று புரியாமல், ‘ஆவி சுற்றிவர இடம் விடவும்’ என்று நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

ஒடியற்கூழ் மூன்று பக்கம். பொருட்கள் பத்து வரி. மிச்சமெல்லாம் யாருக்கு மீன் தலை, யாருக்கு நண்டுக் கால், மகன் காணாமல் போனபிறகு கூட்டத்துக்கு வராத ஒரு தாய்க்கு எத்தனை மணிக்கு யார் கையில் கொடுத்தனுப்புவது. 6.50க்கு, வாசலால் அல்ல, கிணற்றடிப் பக்கத்தால். நான் அதன் மேல் பெருக்கல் குறி போட்டு, ஓரத்தில் ‘நீளம்’ என்று எழுதியிருந்தேன்.

இரண்டு இரவு வாசித்தேன். மனைவி வந்து இரண்டு முறை லைற்றை நிற்பாட்டிவிட்டுப் போனார்.

நாலாம் கொப்பியின் நடுவில் கட்டைச்சம்பல் இருந்தது. 2013 பங்குனி இதழில் நாம் வெளியிட்டோம், ஞாபகமிருக்கலாம். செத்தல் மிளகாய், உப்பு, வெங்காயம், மாசி, தேசிக்காய்ப் புளி. அம்மியில், தண்ணீர் விடாமல். அண்ணை நேரம் போட்டிருந்தார்: 1.30 அரைக்க, 1.45 சாப்பிட. பின்னேரம் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார், ‘இராக்கடமை’. கீழே: “றோஸ் பாண் நேற்றையதாக இருந்தாலும் பரவாயில்லை. மாகோவில் தபால் கோச்சியை அனுப்பிவிட்டு இரண்டு பேர் தின்றோம்.” அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி. அதை நான் வெட்டி, அந்த இடத்தில் என் வசனம் ஒன்றைப் போட்டிருந்தேன்.

ஏழு கொப்பியிலும் அப்படி ஒரு வரி வேறெங்கும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

நினைவு மலரில் குறிப்புகள் எல்லாம் நேரத்தோடும் ஆட்களோடும் வந்திருக்கின்றன. பக்கங்கள் கூடிவிட்டதால் அச்சகத்தாரிடம் கொஞ்சம் பேச்சு வாங்கினேன். கீரிமலையில் அந்தியேட்டி முடிந்து மூன்றாம் நாள் பின்னேரம், சந்தியில் பேக்கரியில் இரண்டு றாத்தல் றோஸ் பாண் வாங்கிக்கொண்டு போனேன். கொப்பியைத் திறந்து அக்காவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய் அம்மியைக் கழுவினார். மாசியை நான் இடித்துக் கொடுத்தேன். தண்ணீர் விடாமல் அரைப்பது அவ்வளவு சுலபமில்லை. குழவி பிடித்துப் பிடித்து நின்றது. மகளும் மகனும் குசினி வாசலில் வந்து நின்றார்கள்.

“எத்தினை பேர்?” என்று அக்கா கேட்டார், எங்களைப் பார்க்காமல்.

அடுத்த மாதத்திலிருந்து ‘அடுப்படி’ திரும்ப வரும். இதுவரை வந்தவற்றையே முதலிலிருந்து, கொப்பியில் உள்ளபடி. விளம்பரத்தை வேறு பக்கத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன், 12 வருடம் பிந்தி ஒரு திருத்தம்:

2013 பங்குனி இதழ், அடுப்படிப் பக்கம், கட்டைச்சம்பல், கடைசி வரி. ‘உறைப்பானது, பாணுக்கு ஏற்றது’ என்பதை ‘இது ஒருவருக்கும் இல்லை, எனக்கு’ என்று திருத்தி வாசிக்கவும்.

— ஆசிரியர்